ஜன்னல் யுத்தம் – 9: மூலையில் ஒரு முந்திரி

சென்ற வாரம்: கே.டி.இ. 3.5 தன் உச்சத்தில் இருந்தது. லினக்ஸ் உலகில் கேட்டதெல்லாம் கொடுக்கும் டெஸ்க்டாப் என்று அதற்குப் பெயர். அந்த நேரம் பார்த்துத்தான், அதை எழுதியவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றி எழுதுவது என்று முடிவெடுத்தார்கள்.

2008 ஜனவரி 17, வியாழக்கிழமை. கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில், கூகுள் தலைமையகத்தில் கே.டி.இ. குடும்பம் கூடியது. 19ஆம் தேதி வரை மூன்று நாள் விழா. ஆறு நாள் முன்னால், 11ஆம் தேதிதான் கே.டி.இ. 4.0 வெளியாகியிருந்தது.

1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மானிய மாணவர் யூனிக்ஸுக்கு ஓர் உருப்படியான டெஸ்க்டாப் செய்ய ஆள் கூப்பிட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்றிலிருந்து இந்தக் கூட்டம் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட காரியங்களிலேயே பெரியது 4.0தான். பாதிப் பேர் சம்பளம் வாங்காமல், ராத்திரி கண்விழித்து எழுதியது. விழா எடுக்க அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

மவுண்டன் வியூவில் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்த அதே வாரம், ஆசையோடு 4.0-ஐ நிறுவிப் பார்த்த ஒருவர் திரையின் கீழே இருந்த பேனலைப் பிடித்து வலது ஓரத்துக்கு இழுத்திருப்பார். அது நகர்ந்திருக்காது. உயரத்தையாவது குறைக்கலாம் என்று அமைப்புகளுக்குள் போய்த் தேடியிருப்பார். அப்படி ஒரு அமைப்பே இருந்திருக்காது.

வரப்போகும் புயலின் முதல் காற்று அதுதான்.

ஏன் தொட்டார்கள்?

நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் தொட வேண்டும்? நியாயமான கேள்வி. பதில் நார்வேயில் இருக்கிறது.

கே.டி.இ.யின் பொத்தான், மெனு, ஜன்னல் என்று கண்ணில் படுகிற அத்தனையும் க்யூட்டி என்ற கருவித் தொகுப்பால் ஆனவை. அதைத் தயாரித்தது நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனம். 2005 ஜூனில் க்யூட்டி 4 வந்தது. பழைய 3-க்கு எழுதிய நிரல்கள் இதில் அப்படியே ஓடாது. பழையதையே பிடித்துக்கொண்டிருந்தால், ட்ரோல்டெக் கைவிட்ட அஸ்திவாரத்தின் மேல் எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்? மாறியே ஆக வேண்டும்.

மாறுவதென்றால் லட்சக்கணக்கான வரிகளைத் தொட வேண்டும். எப்படியும் எல்லாவற்றையும் தொடப் போகிறோம், கூடவே பழைய அழுக்கையும் கழுவிவிடலாமே என்று தோன்றியது. 2006 ஜூலையில் நார்வேயின் ட்ரைசில் என்ற ஊரில் முக்கியமான டெவலப்பர்கள் கூடி உட்கார்ந்தார்கள். திட்டம் வளர்ந்துகொண்டே போனது.

பென்டிரைவ் சொருகினால் அடையாளம் காண சாலிட். ஒலிக்கும் ஒளிக்கும் ஃபோனான். ஐகான்களுக்கும் தோற்றத்துக்கும் ஆக்சிஜன். கோப்புகளுக்குள் இருக்கும் பொருளையே புரிந்துகொண்டு தேடித் தர நெபோமுக். கோப்புகளைத் திறக்க, இணையமும் கோப்பும் ஒன்றாகப் பார்த்த காங்கொரருக்குப் பதில் டால்ஃபின்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் பிளாஸ்மா. 3.5-இல் டெஸ்க்டாப்பைக் கவனிக்க ஒரு நிரல், கீழே இருக்கும் பேனலைக் கவனிக்க இன்னொரு நிரல் என்று தனித்தனியே ஓடின. பிளாஸ்மா இரண்டையும் தூக்கிவிட்டு, திரையில் இருப்பதெல்லாம் ஒரே ஜாதி என்றது. கடிகாரம், மெனு, ஐகான் எல்லாமே பிளாஸ்மாய்டுகள். டெஸ்க்டாப்பில் வைத்தாலும் வரும், பேனலில் வைத்தாலும் வரும். அதை முன்னின்று நடத்தியவர் கனடாக்காரரான ஆரோன் சேகோ. நன்றாக எழுதுவார், அதைவிட நன்றாகப் பேசுவார். அந்தப் பேச்சுதான் எதிர்பார்ப்பை வானத்துக்கு ஏற்றியது. பின்னால் அவருக்கே அது வினையாகவும் வந்தது.

எண் செய்த கோளாறு

2007 அக்டோபரில் வெளியீடு என்றார்கள். முடியவில்லை. டிசம்பர் என்றார்கள். அதுவும் முடியவில்லை. 2008 ஜனவரி 11 என்று கடைசியாகத் தேதி வைத்தார்கள்.

தேதி நெருங்க நெருங்க உள்ளே இருந்தவர்களுக்கே தெரிந்தது: அடித்தளம் தயார், மேல் வேலை பாக்கி. அப்படியானால் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டியதுதானே?

வேண்டாம் என்றவர்களிடம் வலுவான வாதம் இருந்தது. அடித்தளம் இனி மாறாது என்று உறுதி கொடுத்தால்தான் மற்ற நிரல்களை எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களை 4-க்குக் கொண்டுவருவார்கள். ‘பீட்டா’ என்று ஒட்டியிருந்தால் சாதாரணப் பயனர் தொடவே மாட்டார். தொடாவிட்டால் பிழை தெரியாது, தெரியாத பிழையைத் திருத்தவும் முடியாது. ஆகவே வெளியிடுவோம். இது முன்கூட்டியே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு என்று சொல்லிவிடுவோம். மற்றவர்கள் 3.5-இல் நிம்மதியாக இருக்கட்டும். இந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்கள்: 2008 பிப்ரவரியில் 3.5.9, ஆகஸ்டில் 3.5.10 என்று பழையதற்கும் திருத்தங்கள் வந்தன.

எல்லாம் சரி. ஆனால் பெட்டியின் மேல் ஒட்டிய எண் 4.0. டெவலப்பருக்கு அந்த எண் தொடக்கம், இதன் மேல் இனிக் கட்டலாம் என்று அர்த்தம். பயனருக்கோ அது முடிவு, வேலை முடிந்துவிட்டது, எடுத்துக்கொள் என்று அர்த்தம். வெளியீட்டுக் குறிப்பின் நுண்ணெழுத்தை எத்தனை பேர் படிப்பார்கள்? எண்ணை எல்லோரும் படிப்பார்கள்.

திரைக்கு முன்னால்

இப்போது அந்தத் திரையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

கீழே தடித்த கறுப்புப் பேனல். 3.5-இல் அதை நாலு பக்கமும் நகர்த்தலாம், மெலிதாக்கலாம், வேலை இல்லாதபோது தானே ஒளிந்துகொள்ளச் சொல்லலாம். 4.0-இல் இவை எதற்கும் வழியில்லை. ஆனால் டெஸ்க்டாப்பில் ஒரு கடிகாரத்தைப் போட்டு அதன் மேல் மவுஸை வைத்தால் பக்கத்தில் ஒரு கைப்பிடி முளைக்கும். அதைப் பிடித்துக் கடிகாரத்தை எந்தக் கோணத்துக்கு வேண்டுமானாலும் சாய்க்கலாம். கடிகாரத்தைச் சாய்த்து வைக்க யார் கேட்டார்கள்? பேனலை நகர்த்தத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

மெனுவைத் திறந்தால் முன்போல் கிளை கிளையாக விரியாது. எல்லாம் ஒரே பெட்டிக்குள் நழுவி நழுவி மாறும். ஒரு படி பின்னால் வர இடது ஓரத்தில் மெலிந்த பட்டை ஒன்று இருந்தது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைய என்விடியா டிரைவர் இருந்த கணினிகளிலோ ஜன்னல்கள் தவழ்ந்தன.

திரையின் வலது மேல் மூலையில் வளைந்த சின்னச் சின்னம் ஒன்று. பார்க்க முந்திரிப் பருப்பு மாதிரியே இருந்ததால் பெயரும் முந்திரி என்றே நிலைத்துவிட்டது. கிளிக் செய்தால் பிளாஸ்மாய்டு சேர்க்கலாம், ஜூம் அவுட் செய்யலாம். ஜூம் அவுட் செய்தால் டெஸ்க்டாப் சுருங்கும். சுருங்கிய பிறகு என்ன செய்வதென்று பெரும்பாலானவர்களுக்குப் புரியவில்லை.

முந்திரி இருந்ததல்ல சங்கடம், அதை எடுக்க முடியாததுதான். எடுக்க வழி கொடுங்கள் என்று கேட்டார்கள். பிளாஸ்மாவின் அமைப்புக்கு அது அவசியம், இருக்கட்டும் என்று பதில் வந்தது. கட்டற்ற மென்பொருள் உலகில் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? முந்திரியை மறைப்பதற்கென்றே ஒருவர் தனியாக ஒரு பிளாஸ்மாய்டு எழுதினார். முந்திரியை வெறுக்கிறேன் என்பதுதான் அதன் பெயரே!

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இதெல்லாம் சில்லறைச் சண்டை. பயனருக்கு அப்படியில்லை. வருஷக்கணக்காகத் தன் கைப்பழக்கத்துக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொரு பொத்தானாகச் சரிசெய்து வைத்திருந்தவர் அவர். கே.டி.இ.யைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். அந்த உரிமை காணாமல் போனபின், முந்திரி அவர் கண்ணை உறுத்தாமல் என்ன செய்யும்?

யார் தள்ளிவிட்டது?

பிடிக்காதவர்கள் 3.5-இலேயே இருக்கலாம் என்றுதானே சொன்னார்கள், பிறகு ஏன் இத்தனை கூச்சல்?

இங்கேதான் மூன்றாவது தரப்பு உள்ளே வருகிறது. லினக்ஸ் பயனரில் பெரும்பாலோர் கே.டி.இ.யை நேராக எடுத்துக்கொள்வதில்லை. ஃபெடோரா, ஓப்பன்சூசே, குபுண்டு போன்ற டிஸ்ட்ரோக்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார்கள்.

2008 ஏப்ரலில் குபுண்டு 8.04 இரண்டு பதிப்புகளாக வந்தது, பழைய 3.5 ஒன்று, புதிய 4 ஒன்று. ஜூன் 19 அன்று வந்த ஓப்பன்சூசே 11.0-உம் இரண்டையும் தட்டில் வைத்து, எது வேண்டும் என்று கேட்டது. டெபியன் அவசரப்படவே இல்லை, 2009 பிப்ரவரியில் வந்த அதன் லென்னி பதிப்பு 3.5-ஐயே சுமந்து வந்தது.

ஃபெடோரா வேறு மாதிரி. புதியதை முதலில் கொடுப்பதே அதன் கொள்கை. 2008 மே 13 அன்று வெளியான ஃபெடோரா 9-இல் கே.டி.இ. என்றால் 4.0 மட்டும்தான். பழைய டெஸ்க்டாப் கிடையாது. ராத்திரி அப்டேட் கொடுத்துவிட்டுப் படுத்தவர், காலையில் தெரியாத ஊரில் கண் விழித்தார்.

பழி சுற்ற ஆரம்பித்தது. எல்லோருக்குமானது அல்ல என்று சொன்னோமே, நீங்கள் ஏன் திணித்தீர்கள் என்று டெவலப்பர்கள் டிஸ்ட்ரோக்களைக் கேட்டார்கள். 4.0 என்று எண் போட்டது நீங்கள்தானே என்று பதில் வந்தது. இதற்கு நடுவில் ஒரு குரல்: காசு கொடுக்காமல் வாங்கியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

அந்தக் குரலில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பயனர் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். அவர் காசு கொடுக்கவில்லை, ஆனால் தன் அன்றாட வேலை முழுவதையும் அந்தத் திரையில் ஒப்படைத்திருந்தார். பழையதை அவரே தொகுத்து வைத்துக்கொள்ளும் உரிமை சட்டப்படி இருந்தது. அதைச் செய்யத் தெரிந்தவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. உரிமம் தந்த சுதந்திரத்தை, ஒரே ஒரு அப்டேட் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டது.

கோபம் எல்லை தாண்டியது. பிளாஸ்மாவின் முகமாக நின்ற சேகோ மேல் தனிப்பட்ட வசைகள் பாய்ந்தன. ஒரு பேனல் நகராததற்கு ஒரு மனிதர் வாங்கிய அடி கொஞ்சமில்லை.

பிழைகளைத் திருத்தாமலும் இல்லை. ஜூலை 29 அன்று 4.1 வந்தது. டெஸ்க்டாப் கோப்புகள் திரையில் கண்ணாடி மாதிரியான ஒரு பெட்டிக்குள் அடைபட்டு வந்தன. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் இன்னொரு கூச்சல்! 2009 ஜனவரி 27 அன்று 4.2. எல்லாக் கேள்விகளுக்கும் விடை இதுதான் என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு வந்தது. தானே ஒளியும் பேனல் திரும்பிவிட்டது. முழு டெஸ்க்டாப்பையும் பழையபடி கோப்புகளுக்குக் கொடுத்துவிடலாம்.

ஆனால் சிலர் காத்திருக்கத் தயாராக இல்லை. 3.5-ஐச் சாகவிட மாட்டோம் என்று ஒரு சின்னக் கூட்டம் கிளம்பியது. 2010-இல் அவர்கள் எடுக்கப்போகும் அவதாரத்துக்கு ட்ரினிட்டி என்று பெயர். அவர்களைப் பிறகு பார்ப்போம். ஏனென்றால் 4.2 வெளியாகவிருந்த அதே ஜனவரியில் ஒரு பேட்டி வந்தது.

மூட்டை கட்டியவர்

பேட்டி எடுத்தது ஓர் ஆஸ்திரேலிய இதழ். கொடுத்தவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸையே எழுதியவர்.

2005-இல் இவர், கே.டி.இ.யின் போட்டி டெஸ்க்டாப்பான க்னோமை எப்படித் தாளித்தார் என்பதை ஆறாம் அத்தியாயத்தில் பார்த்தோம். பயனரை முட்டாளாக நினைத்து வசதிகளைப் பிடுங்குகிறார்கள், எல்லோரும் கே.டி.இ.க்குப் போங்கள் என்று சொன்னவர். கே.டி.இ.க்கு அவரைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

அவரும் ஃபெடோரா வழியாகத்தான் 4.0-க்கு வந்து சேர்ந்திருந்தார். பேட்டியில் ஒளிவுமறைவே இல்லை. 4.0 ஒரு பேரழிவு என்றார். ஏன் வெளியிட்டார்கள் என்பது புரிகிறது, செய்த விதம்தான் தப்பு, அரைவேக்காட்டில் இறக்கிவிட்டார்கள் என்றார். நீண்ட கால நோக்கில் சரியாகவும் ஆகலாம், ஒருநாள் மறுபடி முயன்று பார்ப்பேன் என்றார். ஆனால் இப்போதைக்குக் கிளம்பியாகிவிட்டது.

எங்கே போனார்? திட்டித் தீர்த்த அதே க்னோமுக்கு! அங்கேயும் வலது பட்டன் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தார். என்ன இருந்தாலும் க்னோம் 2 அமைதியான இடம், இரவோடு இரவாக எதுவும் மாறாது என்பதுதான் அன்று எல்லோரும் அதன் மேல் வைத்திருந்த நம்பிக்கை. கே.டி.இ.யிலிருந்து ஓடி வந்தவர்கள் அந்த நம்பிக்கையில்தான் வந்தார்கள்.

அவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. 2008 ஜூலையில், கே.டி.இ. அடி வாங்கிக்கொண்டிருந்த அதே மாதம், இஸ்தான்புல்லில் கூடிய க்னோம்காரர்கள் 3.0 வரப்போகிறது என்று அறிவித்துவிட்டார்கள். அக்டோபரில் பாஸ்டனில் வடிவமைப்பாளர்களும் டெவலப்பர்களும் ஓர் அறையில் உட்கார்ந்து, இன்றைக்கு டெஸ்க்டாப் செய்வதென்றால் எப்படிச் செய்வோம் என்று வரையத் தொடங்கிவிட்டார்கள். லினஸ் குடிவந்த வீட்டை, அந்தப் பேட்டி வருவதற்கு முன்பே இடிப்பதென்று தீர்மானித்திருந்தார்கள்.

அந்த வரைபடம் வளர்ந்து முடிந்தபோது கீழ்ப் பேனல் இருக்கவில்லை. ஜன்னலைச் சுருக்கும் மினிமைஸ் பட்டன்கூட இருக்கவில்லை. கே.டி.இ. பட்ட பாட்டைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவர்கள் அதிலிருந்து எதையாவது கற்றுக்கொண்டார்களா?

2011 ஏப்ரல் 6 அன்று தெரிந்துவிட்டது.

(தொடரும்)