ஜவ்வாது மலையும் ஒன்றரை இஞ்ச் ஆணியும்

"ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் பதிவு போடல." இந்த வரியை ஒரு தடவையாவது எழுதாத தமிழ் வலைப்பதிவர் உண்டா? 2001ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து காண்ட்ராக்டர் நேசமணி புண்ணியத்துல, பொட்டி தட்டுற நம்ம வேலைக்கே ஆணி புடுங்கறதுன்னு பேர் வச்சாச்சு. 2019ல் அவர் தலையில விழுந்த சுத்தியல் ட்விட்டர்ல உலகம் முழுக்க ஓடுச்சு. இவ்வளவு பேசியும் நிஜ ஆணிக்கு ஒரு வரலாறு இருக்குங்கறதை மட்டும் விட்டுட்டோம். அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்துருங்க :-)

ஆரம்பம் நம்ம ஜவ்வாது மலையிலிருந்தே. திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர்னு மூணு மாவட்டத்துல பரவிக் கிடக்கிற கிழக்குத் தொடர்ச்சி மலை. போறவங்க ஜமுனாமரத்தூர், பீமன் அருவி, காவலூர் தொலைநோக்கின்னு பார்த்துட்டு இறங்கிடுவாங்க. அங்கே பெருங்கற்காலக் கல்திட்டைகளும் இருக்கு. நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடி வச்சிருப்பாங்க. நம்ம ஜனங்க இந்த மாதிரி திட்டைகளுக்கு வச்ச பேரு குள்ளர் வீடு. உண்மையில அவை இறந்தவங்களுக்கான நினைவிடங்கள். ஆணி கிடையாது, கயிறு கிடையாது. கல்லோட கனமே இணைப்பு. எந்தக் காத்தும் அதைத் தூக்காது.

உயிரோட இருக்கிறவங்க வீட்டுக்கு அந்த வசதி இல்ல. இந்த மலையில வாழற மலையாளிப் பழங்குடி மக்களோட பழைய வீடு மூங்கில் தப்பை, மண் பூச்சு, மேலே புல் கூரை. (கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தம் இல்லீங்க. மலையை ஆள்றவங்கங்கற பொருள்ல வந்த பேரு. காஞ்சிபுரம் பக்கத்துல இருந்து மலையேறி வந்தவங்கன்னு அவங்களே சொல்ற கதை உண்டு.) கூரை கனமில்லாத பொருள். கனம் இல்லாததைக் காத்து கீழே தள்ளாது, மேலே தூக்கும். அதனால கூரையைத் தாங்குறது பாதி வேலைதான். கூரை பறக்காம பிடிச்சு வைக்கிறது மீதி வேலை. கவைக்கால் நட்டு, அதுல உத்திரம் வச்சு, கைமரத்தை நாராலயும் கொடியாலயும் இறுக்கிக் கட்டினது இதுக்குத்தான். நார் இத்துப் போனா மறுபடி கட்டணும். அதுக்கு இரும்பு வேண்டாம், பக்கத்துக் காடு போதும்.

சமவெளியில தச்சர்கள் வேற வழி பிடிச்சாங்க. ஒரு சட்டத்துல துளை, இன்னொண்ணுல கழுந்து. ரெண்டையும் பொருத்தி மரமுளை அடிச்சா தலைமுறைக்கும் நிக்கும். ஆணி இல்லாம வீடு கட்டின நம்ம முன்னோர் திறமையைப் பத்தி ஃபார்வர்டு மெசேஜ் நிறைய வரும். திறமை உண்மைதான். கூடவே இன்னொரு காரணமும் இருக்கு. ஆணி பயங்கர விலை! கொல்லர் உலையில காய்ச்சி, ஒவ்வொண்ணா அடிச்சுக் கூர் தீட்டணும்.

இது நமக்கு மட்டும் இல்ல. அமெரிக்காவுல வர்ஜீனியா காலனியில, ஜனங்க இடம் மாறும்போது பழைய வீட்டைக் கொளுத்தி, சாம்பல்ல இருந்து ஆணியைப் பொறுக்கி எடுத்துட்டுப் போனாங்களாம். 1645ல் அதைத் தடுக்கவே சட்டம் போட்டாங்க. 'கொளுத்தாதே, வீட்டுல எத்தனை ஆணி இருக்குன்னு கணக்குப் போட்டு அரசாங்கமே தரும்'ங்கற மாதிரி. அதாவது மரம் சும்மா, ஆணி சொத்து. 1794ல் தாமஸ் ஜெஃபர்சன் தன் மாண்டிசெல்லோ பண்ணையில ஆணிப்பட்டறை ஆரம்பிச்சார். அங்கே ஆணி அடிச்சவங்க 10 முதல் 16 வயசு வரையிலான அடிமைச் சிறுவர்கள். 'எல்லா மனிதரும் சமம்'னு சுதந்திரப் பிரகடனத்துல எழுதின அதே ஜெஃபர்சன்தான். ஆணிக்குப் பின்னாடி இப்படியும் ஒரு கதை.

1790கள்ல தகட்டை வெட்டி ஆணி செய்யற இயந்திரங்கள் வந்ததும் விலை சரிய ஆரம்பிச்சது. 1830கள்ல சிகாகோ பக்கம் ஒரு புது வீட்டுமுறை வந்துச்சு. பேரு பலூன் ஃப்ரேம். பெரிய உத்திரம் வேண்டாம், கழுந்து வேண்டாம். மெல்லிசு மெல்லிசான சட்டங்களை நெருக்கமா நிறுத்தி ஆணி அடிச்சாப் போதும். பல வருஷம் தொழில் கத்துக்கிட்ட தச்சர் செய்யற வேலையை, சுத்தியல் பிடிக்கத் தெரிஞ்ச ரெண்டு பேர் செஞ்சுட்டாங்க. 1890கள்ல எஃகுக் கம்பி ஆணி சந்தையைப் பிடிச்சதும் விலை அடிமட்டத்துக்குப் போச்சு.

விலை குறைஞ்சா பலவீனம் வேற எங்கேயாவது எட்டிப் பார்க்கும். நம்ம தொழில்லயும் பார்க்கிறோமே, ஒவ்வொரு மாட்யூலும் ஒழுங்கா இருக்கும், ரெண்டையும் சேர்க்கிற இடத்துலதான் பக் இருக்கும். மரவீடும் அப்படித்தான். சட்டம் உடையறதுக்கு முன்னாடி இணைப்பு பிடுங்கிக்கும். நார் போட்டுக் கட்டினா நாலு பக்கமும் சுத்திப் பிடிக்கும். நேரா இறங்கின ஆணியோ, இறங்கின வழியிலேயே இழுத்தா வெளியே வந்துடும். ஆணிக்குப் பலம், இழுக்கும்போது இல்ல, குறுக்கே வெட்டுற விசையைத் தாங்கும்போது.

அங்கேதான் உலோக இணைப்பு வருது. ஓட்டை போட்ட கால்வனைஸ்டு தகட்டை வளைச்சு, ஒரு முனையைக் கைமரத்துலயும் மறு முனையைச் சுவர்ச் சட்டத்துலயும் பக்கவாட்டுல ஆணி அடிச்சுப் பிடிக்கிறது. காத்து கூரையை மேலே தூக்கினா, ஆணி பிடுங்காது, குறுக்கேதான் விசை விழும். நார்க்கட்டு செஞ்ச அதே வேலையை இரும்பு செய்யுது, அவ்வளவுதான். 1955ல் மயாமியில ஜுரைட்ங்கற பொறியாளர், பல்லு பல்லா நீட்டிக்கிட்டு இருக்கிற 'கேங் நெயில்' தகட்டைக் கொண்டு வந்தார். அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவுல பார்க்ளே சிம்ப்சன் உத்திரத்தைத் தாங்கற யு வடிவத் தாங்கிகளைச் செய்ய ஆரம்பிச்சார். சிம்ப்சன் ஸ்ட்ராங்-டை கம்பெனியோட தொடக்கம் அதுதான்.

இதோட அருமை முழுசாப் புரிஞ்சது 24 ஆகஸ்ட் 1992ல். ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவைப் புரட்டிப் போட்டு, 25,000க்கும் மேல வீடுகளைத் தரைமட்டமாக்குச்சு. அப்புறம் ஆய்வு பண்ணினப்போ தெரிஞ்சது, நிறைய கூரைகள்ல பலகையைப் பிடிக்க அடிச்ச ஊக்குகள் கீழே இருக்கிற கைமரத்துல இறங்கவே இல்ல. பக்கத்துல வெறும் காத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு! வேகமா அடிச்சுட்டே போற துப்பாக்கி கையில இருந்தா, கட்டையில இறங்குச்சா இல்லையான்னு கை உணராது. 2002ல் ஃபுளோரிடா முழுமைக்கும் ஒரே கட்டடச் சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு. அதுல அடிப்படை: கூரையிலிருந்து அஸ்திவாரம் வரைக்கும் இணைப்புச் சங்கிலி எங்கேயும் அறுபடக் கூடாது.

சரி, சங்கிலிக்கு ஆணி யார் அடிக்கிறது? ஒரு கணக்கு போடுவோம். ஒரு வீட்டுக்கு 60 கைமரம், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முனை, முனைக்குப் பத்து ஆணின்னா 1,200 ஆணி. அதுவும் ஏணி மேல நின்னு, கை நுழையாத மூலையில சுத்தியலை ஓங்கி. சாதாரண நெயில் கன் இதுக்கு உதவாது. ஆணி தகட்டு ஓட்டையில சரியா இறங்கணும். ஓட்டை தப்பினா தகடு கெடும், இல்ல ஆணி தெறிச்சு முகத்துக்கு வரும். அதனால இதுக்குன்னே ஒரு கருவி செஞ்சாங்க. ஆணியோட கூர்முனை கருவி வாய்க்கு வெளியே லேசா நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த முனையை ஓட்டையில வச்சு, அழுத்தி, விசையைத் தட்டணும். ஆணி ஒன்றரை இஞ்ச்தான், ஆனா கடினப்படுத்தின தடிமனான ஆணி. 3.3 மில்லிமீட்டர், 3.8 மில்லிமீட்டர்னு தகடு எதைக் கேட்குதோ அதைத்தான் போடணும்.

ஆரம்பத்துல இதெல்லாம் கம்ப்ரஸர், குழாய்னு வாலோட இருந்துச்சு. அந்த வாலை அறுத்தது 1986ல் வந்த பாஸ்லோடு இம்பல்ஸ். சின்ன எரிவாயுக் குப்பி, ஒரு பேட்டரி. பேட்டரி தீப்பொறி கொடுக்க, வாயு எரிஞ்சு பிஸ்டனைத் தள்ள, ஆணி இறங்கும். குட்டி பைக் எஞ்சின் மாதிரி. இன்னொரு தகவல்: அதே 1986 ஜனவரியிலதான் காவலூர்ல 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்து வச்சார். வானத்தைப் பார்க்கிறதுல அன்னிக்கு நாம யாருக்கும் சளைச்சவங்க இல்ல. ஆனா அந்த மலைக் கூரைக்கு இந்த ஆணி போய்ச் சேரவே இல்ல.

ஏன் சேரல? நம்ம ஆளுங்களுக்குத் தெரியாததாலயா? இல்லீங்க. சின்னச் சின்ன மரச்சட்டங்களை ஆணியால இணைச்சுக் கட்டுறதுக்கு இந்தியத் தர நிர்ணயமே இருக்கு, ஐஎஸ் 2366னு. அறிவு இருந்துச்சு. மரம்தான் கைமாறிடுச்சு. 1882ல் மதராஸ் வனச்சட்டம் வந்து, காடுகள் காப்புக்காடு ஆச்சு. கூரைக்குக் கொடி அறுத்த கை குற்றவாளிக் கை ஆச்சு. ஜவ்வாது மலைச் சந்தனம் அரசு கிடங்குக்குப் போச்சு. 1993ல் மத்திய பொதுப்பணித்துறையும் தன் கட்டடங்கள்ல மரம் வேண்டாம்னு சொல்லி, 2020லதான் அந்தத் தடையை நீக்குச்சு. காட்டு உரிமையைத் திருப்பித் தர்ற வன உரிமைச் சட்டம் வந்தது 2006ல். அதுக்கு அப்புறமும் 2015 ஏப்ரல் 7 அன்னிக்கு, ஆந்திராவோட சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்டப் போனவங்கன்னு 20 தமிழர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்னுச்சு. அதுல ஜவ்வாது மலைக்காரங்களும் உண்டு. சொந்தக் காட்டு மரத்துல வீடு கட்டத் தெரிஞ்ச சமூகம், அடுத்தவன் கடத்தலுக்குக் கூலிக்கு மரம் வெட்டற நிலைமைக்கு வந்ததும் இந்த மர வரலாற்றுல ஒரு பக்கம்தான். அதைத் தாண்டிப் போய் கருவியை மட்டும் வியக்க எனக்கு மனசு வரல.

இப்போ மலையில தொகுப்பு வீடுகளும், சிமெண்ட் ஷீட், தகரக் கூரைகளும் பெருகிடுச்சு. ஷீட்டைப் பிடிக்கிறது ஜே வடிவ கொக்கி போல்ட். அது ஷீட்டைக் கட்டையோட பிடிக்கும். கட்டையைச் சுவரோட யார் பிடிக்கிறது? பல இடத்துல கட்டை சும்மா சுவர் மேல உட்கார்ந்திருக்கும், ஓரத்துல ரெண்டு கை சிமெண்ட், இல்லேன்னா பாரத்துக்கு நாலு கல். கல்திட்டைக் காலத்து உத்தி! கல்லுக்கு அது சரி, தகரத்துக்குச் சரிவராது. 2018 நவம்பர்ல கஜா புயல் டெல்டாவுல கூரைகளை எப்படி அள்ளிட்டுப் போச்சுன்னு நாம பார்த்தோமே.

அதனால என் கட்சி இதுதான். நமக்கு அந்தக் கம்பியில்லா துப்பாக்கி உடனே வேண்டியதில்ல. 1,200 ஆணி அடிக்கிற இடத்துக்கு அது. நம்ம கூரைக்கு வேண்டியது அதுக்குப் பின்னாடி இருக்கிற யோசனை. சுவர்ல புதைச்சு மேலே வந்து கட்டையைச் சுத்திப் பிடிக்கிற ஒரு இரும்புப் பட்டை, பக்கவாட்டுல ஓட்டை, அந்த ஓட்டையில தடி ஆணி. எந்த வெல்டிங் பட்டறையிலயும் செய்யலாம். நார்க்கட்டுக்கு இது பேரன் முறை. அரசாங்க வீட்டுத் திட்டங்கள்ல ஜன்னல் அளவு, கழிப்பறை அளவுக்கெல்லாம் விதி இருக்கறப்போ, கூரை போடற ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தப் பட்டைக்கு ஒரு வரி சேர்க்கறது பெரிய விஷயமா?

உங்க ஊர்ல கூரையைச் சுவரோட எப்படிப் பிடிக்கிறாங்க, அந்தக் கட்டுக்கு என்ன பேர் சொல்றாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. வீட்டுல பெரியவங்க, தெரிஞ்ச ஆசாரி யாராவது இருந்தா கேட்டு எழுதுங்க. இந்த வார்த்தைகளும் நார் மாதிரிதான், மறுபடி மறுபடி கட்டலேன்னா இத்துப் போயிடும்.