வேங்கடத்தைச் சூழ்ந்து வளர்ந்த மருத்துவ ஆராய்ச்சி

பண்டைத் தமிழர் தம் நாட்டின் வட எல்லையாகக் குறித்த வேங்கடத்தைத் திருமலை யாத்திரையின் வாயிலாக நம்மவர் யாவரும் அறிவர். அம்மலையைச் சூழ்ந்த சித்தூர்ச் சீமை மருத்துவ ஆராய்ச்சிக்கு ஆற்றிய தொண்டினை அறிந்தோர் சிலரே.

வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக்குப் பொருளுதவி புரியும் சங்கம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. 1949-இல் அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாயிற்று.

அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரத்தில், கிறித்துவ மிஷன்கள் பல ஒன்றுகூடி 1915-இல் காசநோய்ச் சானடோரியம் ஒன்றைத் திறந்தன. டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமட் மோலர் அதன் முதல் தலைவர். நோயைத் தீர்க்கும் மருந்து கண்டறியப்படாத காலம் அது; நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமிக்க உணவுமே சிகிச்சை.

1950 முதல் இச்சானடோரியத்தினர், நோயாளர் வரட்டும் என்று காத்திராமல் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் சென்றனர். மக்களைக் கணக்கெடுத்து எக்ஸ்ரே சோதனை செய்தனர். பி.சி.ஜி. ஊசி பெற்றோரையும் பெறாதோரையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு நோக்கினர். முடிவுகளை 1960-களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஏடு வெளியிட்டது. பெருநகரம் அல்லாத ஊரிலிருந்தும் உலகம் மதிக்கும் ஆராய்ச்சி எழக்கூடும் என்பதற்கு இது சான்றன்றோ?

திருப்பதியிலும் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1954-இல் வேங்கடேசுவரர் பெயரால் பல்கலைக்கழகமும், 1960-இல் மருத்துவக் கல்லூரியும் தோன்றின. தேவஸ்தானத்தின் ஆதரவில் அமைந்த மருத்துவ விஞ்ஞான நிலையம் 1995-இல் பல்கலைக்கழகத் தகுதி எய்தியது. 2015-இல் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையம் தொடங்கப் பெற்றது. ஐந்தாண்டுப் படிப்பின் இறுதியாண்டில் மாணாக்கர் ஆராய்ச்சியில் ஈடுபடுதல் அங்குள்ள முறை.

கட்டடங்களும் கருவிகளும் பொருளிருந்தால் கிடைக்கும். ஐயுற்று வினவி, கணக்கிட்டு, கிடைத்த முடிவை ஒளியாது உரைக்கும் பழக்கமோ இளமையிலேயே படிய வேண்டுவது. இதனையுணர்ந்தே மேற்கூறிய கழகம், பட்டப்படிப்பு மாணவர் இரண்டு திங்கள் ஆராய்ச்சி செய்வதற்கு உதவும் திட்டத்தை 1979-இல் தொடங்கியது. ஆயினும், வழிகாட்டும் ஆசிரியர் இல்லாத கல்லூரியில் உதவித்தொகை மட்டும் என்ன பயக்கும்? ஒரு மாநிலம் முழுவதும் ஆராய்ச்சி வேரூன்ற வேண்டுமாயின், தலைநகரக் கல்லூரிகளோடு மாவட்டக் கல்லூரிகளிலும் அத்தகைய ஆசிரியர் பெருகுதல் வேண்டும்.

நம் சங்கத்தில் மருத்துவரும் விஞ்ஞானிகளும் பலர் உளர். அவர்கள் ஆளுக்கொரு மாணாக்கர்க்கேனும் வழிகாட்டுவாராயின், ஆரோக்கியவரத்தில் தொடங்கிய பணி தொடர்ந்து செழிக்கும்.