சாவா மூவாப் பேராடும் நிகர இலாப விகிதமும்

நிகர இலாப விகிதம் என்பது ஒரு தொழிலின் மொத்த வருவாயில் எல்லாச் செலவுகளும் போக மிஞ்சுவது நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும் அளவாகும். நிகர இலாபத்தை வருவாயால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் இது கிடைக்கும். பெயர் புதிது, கணக்கு பழையது. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் இதற்கு நெருங்கிய ஒரு நடைமுறையைக் காணலாம்.

கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் ஆடுகளைக் கொடையாக அளிப்பார். அவற்றை மன்றாடிகள் எனப்பட்ட இடையர் ஏற்று மேய்த்து, குறித்த அளவு நெய்யை நாள்தோறும் அளப்பர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்பது கணக்கு. அளக்கவேண்டிய நெய் நாளுக்கு ஓர் உழக்கு. நான்கு உழக்கு ஒரு நாழி என்பதால், ஆண்டுக்கு 91 நாழிக்குச் சற்று மேல்.

இத்தகைய ஆடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. ஆடு சாகாது, மூப்படையாது என்பது இதன் சொற்பொருள். உண்மையில் ஆடுகள் செத்தன, கிழடாயின. ஆனால் பிறக்கும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது மன்றாடியின் பொறுப்பு. இன்றைய கணக்கர் தேய்மானம் என்று எழுதிக் கழிப்பது ஏறக்குறைய இதைத்தான். முதலைக் காத்த பிறகு மிஞ்சுவதே இலாபம். பால் விற்ற பணம் முழுவதையும் இலாபம் என்று எண்ணிய மன்றாடிக்குச் சில ஆண்டுகளில் மந்தையே இராது.

ஒரு பேச்சுக்கு, பால், குட்டி, வயலில் கிடை போடுதல் ஆகியவற்றால் வரும் வருவாய் 100 பங்கு என்போம். கோயிலுக்கு அளக்கும் நெய் 40, மேய்ச்சலும் ஈடு செய்யும் ஆடுகளும் 45. மிஞ்சுவது 15, விகிதம் 15 விழுக்காடு. மழை பொய்த்து வருவாய் 80 ஆகக் குறைந்தால் நெய்யின் அளவு குறையாது. பிற செலவும் அப்படியே நின்றால் 5 பங்கு நட்டம். வருவாய் ஐந்தில் ஒரு பங்கு சரிய, இலாபம் முழுவதும் போய்விடுகிறது. நிலையான செலவு மிகுந்த எந்தத் தொழிலுக்கும், திருக்கார்த்திகைக் கூட்டத்தை நம்பி வாடகைக்குக் கடை பிடிப்பவருக்கும் கூட, இதே நிலைதான்.

மாணவர் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது 12.5 விழுக்காடு வட்டி குறிக்கப்படுகிறது. இது முதலின் மீதான வரவு. வருவாயின் மீது கணக்கிடும் நிகர இலாப விகிதம் வேறு. விகிதம் குறைவாயினும் சரக்கு விரைந்து கைமாறும் கடையில் முதலுக்கு நல்ல வரவு கிடைக்கலாம்.

கொடையாளரின் பெயர், ஆடுகளின் எண்ணிக்கை, நெய்யின் அளவு ஆகியவற்றைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். மன்றாடிக்கு மிஞ்சியது எவ்வளவு என்பதை வெட்டும் வழக்கம் இல்லை.