எது ஓட்டை?

சூப்பர் ஹீரோ படம் வந்தா காட்டுப்பாக்கம் டீக்கடையில ரெண்டு கட்சி. "லாஜிக்கே இல்ல மச்சி" ஒண்ணு. "மூளையைக் கழட்டி வெச்சுட்டுப் பாருடா" இன்னொண்ணு. சண்டை புதுசு மாதிரி இருக்கும், ஆனா சரக்கு ரொம்பப் பழசுங்க.

1938-ல அமெரிக்க காமிக்ஸ்ல சூப்பர்மேன் வந்தார். கண்ணாடி போட்டா கிளார்க் கென்ட். கூடவே வேலை பார்க்கிற லோயிஸ் லேனுக்கே ஆளைத் தெரியாது!

நம்ம ஊர்ல 1954-ல 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞர் கதை, கலைஞர் வசனம். ஏழைகளுக்கு உதவுற கள்ளன் எம்.ஜி.ஆர்., வியாபாரி அப்துல் ரஹீமாவும் ஊருக்குள்ள உலாத்துவார். தியேட்டர்ல அத்தனை பேருக்கும் அவர் யாருன்னு தெரியும், கதையில வர்ற போலீசுக்கு மட்டும் தெரியாது. ஆனாலும் படம் ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது.

என்னைக் கேட்டா அது ஓட்டை இல்ல, ஒப்பந்தம். இந்த ஒரு பொய்யை நம்புங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்னு படம் கேட்குது, நாமளும் சரிங்கிறோம். 2023-ல வந்த 'மாவீரன்'லயும் இதே கதைதான். பயந்தாங்கொள்ளி சிவகார்த்திகேயனுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கும். அதை நம்பிடுறோம். ஏன்னா புதுக் குடியிருப்புல உதிர்ற சுவரும், அங்க இருக்கிறவங்க பயமும் நிஜம்.

அப்போ எது ஓட்டை? 1978 'சூப்பர்மேன்' படத்துல லோயிஸ் செத்துப்போறா. இவர் பூமியைச் சுத்திச் சுத்திப் பறந்து காலத்தையே பின்னாடி ஓட்டிடுவார். பறக்கறதுல எனக்குப் பிரச்சினையே இல்ல. ஆனா சாவையே அழிக்க முடிஞ்சா, அப்புறம் நாம எதுக்குப் பதறணும்?

அதனால மக்களே, அடுத்த சண்டையில "இது எப்படி முடியும்"னு கேட்காதீங்க. "இனிமே இவனுக்கு என்ன பயம்"னு கேளுங்க. பதில் இல்லைன்னா, அதுதான் ஓட்டை.