பாதைக் கோப்பை அனுப்பும்போது நாம் குறித்த இடங்களும் போகின்றனவா?

பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் ஊடாக வட்டுவாகல் வரை சைக்கிளில் செல்ல வரைபடச் செயலி ஒன்றில் பாதை தயாரிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏ-35 வீதி அதில் ஏற்கெனவே இருக்கிறது. பதுங்குகுழி இருந்த காணியோ, உறவினரைப் புதைத்த இடமோ, தூர்ந்துபோன கிணறோ இருக்காது. அவற்றை நாமேதான் குறிக்க வேண்டும். ஆனால் கோப்பை வெளிநாட்டிலுள்ள சகோதரருக்கு அனுப்பினால் பல வேளைகளில் பாதைக் கோடு மட்டுமே போய்ச் சேர்கிறது.

ஜி.பி.எக்ஸ்

அதிகம் பயன்படும் வடிவம் இது. இன்று புழக்கத்திலுள்ள 1.1 பதிப்பு 2004இல் வெளியானது. இதில் மூன்று வகைத் தகவல்கள் இருக்கலாம்: தனிப் புள்ளிகள், திட்டமிட்ட வழி, பயணித்த தடம். நாம் வைக்கும் குறி தனிப் புள்ளியாகும். சில செயலிகள் குறிகளை வேறு கோப்பில் வைக்கின்றன. உதாரணமாக, ஓஸ்ம்அண்ட் செயலியில் விருப்ப இடங்களும் தடங்களும் தனித்தனிக் கோப்புகள். இரண்டையும் அனுப்ப வேண்டும். வேறு செயலிகளில் ஏற்றுமதியின்போது இடக்குறிகளைச் சேர்க்கும் தெரிவு இருந்தால் அதை அடையாளமிட வேண்டும்.

ஒரு புள்ளியுடன் அதன் அகலாங்கு, நெட்டாங்கு, பெயர், விவரம், சின்னத்தின் பெயர் ஆகியன செல்லும். சின்னத்தின் படம் செல்லாது. நீங்கள் வைத்த கார்த்திகைப்பூ மற்றக் கருவியில் வெறும் புள்ளியாகத் தெரியலாம். ஆகவே அந்த இடம் எது என்பதை விவரப் பகுதியில் சொற்களால் எழுதுங்கள். படங்களும் வேண்டுமானால் கே.எம்.இசட் வடிவம் பொருத்தமானது. அது படங்களையும் உள்ளடக்கக்கூடிய சுருக்கப் பொதி.

ரி.சி.எக்ஸ்

சைக்கிளில் பூட்டும் ஜி.பி.எஸ் கருவிகளுக்கான வடிவம். நீர், உணவு, அபாயம், முதலுதவி போன்ற நிலையான வகைகளே இதில் உண்டு. நினைவிடத்துக்கென வகை இல்லை. ‘பொது’ என்றே தெரிய வேண்டும். குறியின் பெயர் 10 குறியுருக்களைத் தாண்டக்கூடாது. முள்ளிவாய்க்கால் என்பது நமக்கு 8 எழுத்து. புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு அது 16. பத்தில் வெட்டினால் ‘முள்ளிவாய்’ மட்டுமே மிஞ்சும். சில கருவிகளில் தமிழ் எழுத்துரு இல்லாததால் பெயர் கட்டங்களாகவும் தெரியலாம். முதலில் ஒரு குறியை மட்டும் அனுப்பிப் பரிசோதியுங்கள்.

அனுப்பும் முன்

ஜி.பி.எக்ஸ் கோப்பைச் சாதாரண எழுத்துத் தொகுப்பானில் திறந்து பாருங்கள். டபிள்யூ, பி, ரி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும் பகுதி ஒவ்வொரு குறிக்கும் ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் குறிகள் ஏற்றுமதியாகவில்லை.

எவை போகக்கூடாது என்பதையும் அப்போதே தீர்மானியுங்கள். பதிவு செய்த தடத்தில் பொதுவாக ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் இருக்கும். அது பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் தொடங்கும். ஆள்கூற்றில் 5 தசம இடங்கள் இருந்தால் ஏறத்தாழ ஒரு மீற்றர் துல்லியம். 2 மட்டும் இருந்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். சாட்சி சொன்னவர், காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பம் ஆகியோரின் வீடுகளை அழித்துவிடுங்கள். ஊர் மட்டும் தெரிந்தால் போதுமென்றால் 2 தசமத்துடன் நிறுத்துங்கள். பெயரும் விவரமும் ஆளைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கட்டும்.

அனுப்பிய கோப்பு பிறகு யார் கைக்குப் போகும் என்று தெரியாது. முழு விவரமுள்ள மூலக் கோப்பை வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் பிரதியில் இந்தத் திருத்தங்களைச் செய்து அனுப்புங்கள்.