அப் ஹெலி ஆ

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்து தீவுகளின் தலைநகரான லெர்விக்கில் ஜனவரி மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை நடைபெறும் நெருப்புத் திருவிழா. வைக்கிங் உடையையும் கப்பலையும் பார்த்து, இதை ஆயிரமாண்டு வழக்கம் என்று நம்பிவிடுபவர்கள் உண்டு. உண்மையில் இது 19ஆம் நூற்றாண்டு இளைஞர்களின் குறும்பில் பிறந்தது.

நெப்போலியன் போர்கள் முடிந்து படைவீரர்களும் மாலுமிகளும் ஊர் திரும்பியபின் லெர்விக்கின் கிறிஸ்துமஸ் இரவுகள் களைகட்டின. கொம்பூதி, தகரம் தட்டி, துப்பாக்கி வெடித்து ஊரையே இரண்டாக்கினார்கள். 1840 வாக்கில் தார் பீப்பாய் வந்து சேர்ந்தது. மரச்சட்டத்தில் பீப்பாய்களை ஏற்றித் தீ வைத்து, சங்கிலி கட்டி, கூட்டமாக இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். கடைவீதியோ குறுகலானது. எதிரெதிரே வரும் இரண்டு கூட்டங்கள் நடுவில் முட்டிக்கொண்டால் கைகலப்புதான். நகர நிர்வாகம் சிறப்புக் காவலர்களை நியமித்துப் பார்த்தது. 1870களில்தான் பீப்பாய் ஒழிந்தது.

விளையாட்டு ஒழியவில்லை. அதே பத்தாண்டில் படிப்பில் நாட்டமுள்ள சில இளைஞர்கள் விழாவுக்குப் புதுப் பெயர் வைத்து, தேதியை ஜனவரி இறுதிக்குத் தள்ளி, மாறுவேடத்தையும் தீப்பந்த ஊர்வலத்தையும் கொண்டுவந்தார்கள். ஷெட்லாந்து 1469 வரை நார்வே அரசின் கீழ் இருந்த மண். அந்த நினைவிலிருந்து 1889இல் வைக்கிங் கப்பல் வந்தது. 1906இல் 'கைசர் யார்ல்' என்னும் தலைவர் வந்தார். விழாப் பாடலை எழுதியவர் பார்வையிழந்த கவிஞர் ஹால்டேன் பர்கஸ்.

இப்போதெல்லாம் விழா நாளில் மாலை இருட்டியதும் தெருவிளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். மண்ணெண்ணெயில் ஊறிய சாக்குத்துணி சுற்றிய பந்தங்கள் ஆயிரத்தை ஒட்டி எரியும். மாதக்கணக்கில் இழைத்து, வண்ணம் பூசிய கப்பலைச் சுற்றி நின்று எல்லாப் பந்தங்களையும் அதற்குள்ளேயே வீசுகிறார்கள். தலைவரின் குழு மட்டுமே வைக்கிங் வேடத்தில் வரும். மற்றவர்கள் கரடியாகவோ, உள்ளூர் அரசியல்வாதியாகவோ, மனத்துக்குப் பட்ட எந்த வேடத்திலும் வரலாம். பிறகு விடியும்வரை மண்டபம் மண்டபமாகப் போய்க் கூத்தாடுவார்கள். மறுநாள் ஊருக்கே விடுமுறை.

அந்தச் செவ்வாய்க் காலையில் சந்தைச் சதுக்கத்தில் 'பில்' என்ற பெரிய பலகை நிற்கும். ஊர்ப் பெரிய மனிதர்களைக் கிண்டலடிக்கும் வரிகள் அதில் நிறைந்திருக்கும். தார் பீப்பாய்க்காலத்துத் துடுக்கு இங்கேதான் அதிகம் மிஞ்சியிருக்கிறது.

கொரோனாவால் 2021, 2022ஆம் ஆண்டுகளில் விழா நடக்கவில்லை. ஷெட்லாந்தின் முதன்மைத் தீவின் தென்பகுதியில் நடக்கும் இதே போன்ற விழா 2015லேயே ஒரு பெண்ணைத் தலைவராக்கிவிட்டது. லெர்விக் ஊர்வலக் குழுக்களில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் 2023இல்தான் இடம் கிடைத்தது. இது மிகவும் தாமதமாக வந்த மாற்றம்.