படத்துக்குள் வராதவர்கள்: மலைநாட்டு வாவிகளும் ஒளிப்படக் கலையும்

மலையும் ஏரியும் சேர்ந்த ஒளிப்படம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது சுவிற்சர்லாந்துதான். அல்ப்ஸ் மலைத்தொடரின் சிகரம் ஒன்று பனி மூடி நிற்கும். அதன் காலடியில் ஓர் ஏரி. சிகரம் தலைகீழாக ஏரி நீரில் தெரியும். நாட்காட்டிகளிலும் சொக்கலேற் பெட்டிகளிலும் அந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்து, இயற்கை அழகு என்றால் இதுதான் என்று நம் கண்கள் பழகிவிட்டன. நுவரெலியாவுக்குப் போய்வருபவர்கள் கிரகரி வாவிக் கரையில் நின்று படம் எடுக்கும்போதும், அந்தப் பழகிய படத்தைத்தான் தேடுகிறார்கள் எனலாம்.

ஆனால் நேயர்களே, இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அல்ப்ஸ் ஏரிகளிற் பல, பனியாறுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நகர்ந்து குடைந்த பள்ளங்களில் நீர் தேங்கி உண்டானவை. நமது மலைநாட்டில் பனியாறு ஓடியதில்லை. பேர் சொல்லும்படியான இயற்கை ஏரி எதுவும் அங்கு இல்லை. நுவரெலியாவின் கிரகரி வாவி, நோர்வூட்டை அண்டிய காசல்ரீ, மஸ்கெலியாவின் மவுஸ்ஸாக்கலை, கொத்மலை, தலவாக்கலையின் மேல் கொத்மலை ஆகிய எல்லாமே அணைகட்டி உண்டாக்கப்பட்டவை. இயற்கைக் காட்சி என்று நாம் சட்டம் போட்டு மாட்டும் படத்தில் இருப்பது மனித உழைப்பு. அந்த உழைப்பாளி மட்டும் படத்தில் இருப்பதில்லை. அவர் எப்படி விடுபட்டார் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

இலக்கியத் தொடரில் ஒளிப்படத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நிலக்காட்சியை எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்கு உலகின் பழைய விடைகளில் ஒன்று தமிழில்தான் இருக்கிறது. நம் இலக்கணம் நிலத்தை முதற்பொருள் என்றது. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மக்களின் அக ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றும் கூடினால்தான் திணை. வெறும் மலை குறிஞ்சி ஆகாது. தினைப்புனம் காக்கும் பெண்ணும், தேனெடுக்கும் குறவனும், அவர்களுடைய காதலும் கவலையும் சேரும்போதுதான் அது குறிஞ்சி. இந்த அளவுகோலை ஒளிப்படத்துக்கும் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் கிரகரி வாவி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், பீதுருதாலகாலை மலையின் அடிவாரத்தில் கிடந்த சதுப்பு நிலத்தை 1873இல் வாவியாக்கினார்கள். அப்போது தேசாதிபதியாக இருந்தவர் சேர் வில்லியம் கிரகரி. பதவி விட்டு அயர்லாந்துக்குத் திரும்பிய பின் 1880இல் அவர் மணந்த ஒகஸ்ரா என்ற பெண்மணிதான், பிற்காலத்தில் கவிஞர் யேற்சுடன் சேர்ந்து டப்ளின் நகரின் அபே நாடக அரங்கைத் தோற்றுவித்த லேடி கிரகரி என்பது இலக்கிய அன்பர்களுக்குச் சுவையான செய்தியாகும். வெயிலுக்கு ஒதுங்கி மலைக்கு வந்த துரைமாருக்குத் தங்கள் ஊர் நினைவைத் தரும் ஒரு நீர்ப்பரப்பு தேவைப்பட்டது. வாவியோடு சேர்ந்து பூந்தோட்டங்களும் குதிரைப் பந்தயமும் பெருகின.

வாவி உருவான அதே காலத்திலேயே மலைநாட்டில் ஒளிப்படக்காரர்களும் பெருகினர். கொழும்பில் ஸ்கீன் நிறுவனமும், 1870களில் கண்டியில் ஸ்கோவன் நிறுவனமும் மலைகளையும் அருவிகளையும் தோட்டங்களையும் படமெடுத்து விற்றன. ஊருக்குத் திரும்பும் துரைமாரும் கப்பலில் வந்திறங்கும் பயணிகளும் அவற்றை வாங்கி அல்பங்களில் ஒட்டிக்கொண்டார்கள். 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியதும் இந்த வாணிபம் மேலும் வளர்ந்தது.

அக்காலத்தில் மலையில் படம் எடுப்பதென்றால் அது சிறு படையெடுப்பைப் போன்றது. கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கமராவில் வைத்துப் படம் பிடித்து, அந்த ஈரத்திலேயே கழுவி எடுத்துவிட வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். ஆகவே கமரா, கண்ணாடித் தட்டுகள், மருந்துப் போத்தல்கள், தண்ணீர், இருட்டுக் கூடாரம் ஆகிய அத்தனையும் மலையேற வேண்டும். இத்தனை பாரமும் கூலியாட்களின் தலையிலும் தோளிலும்தான் ஏறியது. படம் உண்டாவதற்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். படத்துக்குள் அவர்கள் தேவைப்படவில்லை.

இதில் தொழில்நுட்பத்துக்கும் ஒரு பங்குண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தத் தட்டுகள் நீல ஒளியை மிகுதியாகவும், பச்சையைக் குறைவாகவும் உணர்ந்தன. அதனால் வானம் மேகமின்றி வெளுத்தது. காடு கறுத்தது. தட்டு ஒளியை வாங்கச் சில விநாடிகள் பிடித்ததால், அலையடிக்கும் நீர் கண்ணாடிபோல் வழுவழுப்பானது. நடந்து போகும் மனிதன் புகையாகக் கலைந்து போனான். வேலை செய்பவனால் அசையாமல் இருக்க முடியாது. ஆகவே, உழைத்துக்கொண்டிருந்தவன் அந்தக் கமராவின் கண்ணில் நிலைக்கவில்லை.

ஆனால் தேவைப்பட்டபோது மனிதனை அசையாமல் நிறுத்தி வைக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மரத்தின் பருமனையும் அருவியின் உயரத்தையும் காட்டுவதற்கு ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். அந்த ஆள் வெறும் அளவுகோல். படத்தின் கீழே அருவியின் பெயர் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும். அளவுகோலுக்கு யார் பெயர் எழுதுவார்கள்?

இந்த வரலாற்றில் தனித்து நிற்கும் ஒருவர் ஜூலியா மார்கிரட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆவது வயதில் மகள் பரிசளித்த கமராவைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கி, கவிஞர் ரெனிசன், விஞ்ஞானி டார்வின், வானியலாளர் ஹேர்ஷல் ஆகியோரின் முகங்களை அழியாமற் செய்தவர். எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃபின் தாயார் இவருடைய சகோதரி மகள். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், நம் பாடப்புத்தகங்களில் வரும் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தின் அதே கமரன். இலங்கையில் அவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் தம்பதிகள் இலங்கைக்குக் குடிவந்தனர். 1879 சனவரியில் மலைநாட்டில் காலமான ஜூலியா, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார்.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவானவை. அவை பெரும்பாலும் முகங்கள். வீட்டுப் பணியாளரும் தொழிலாளரும் கிராமத்தவரும் அவருடைய கமராவை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். அளவுகோலாக நிறுத்தப்பட்டவர்கள் அல்லர் அவர்கள். தமக்கென ஒரு மனம் உள்ளவர்கள் என்பது அந்தக் கண்களில் தெரிகிறது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் எடுத்த படங்களின் கீழ் ரெனிசன் என்றும் டார்வின் என்றும் பெயர்கள் இருக்கின்றன. இலங்கைப் படங்களிலோ ஊரும் இனமும் உண்டு, ஆளின் பெயரைக் காண்பது அரிது. முகம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

காப்பிச் செடியில் 1869இல் தோன்றிய இலைநோய் அந்தப் பயிரையே அழித்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. ஒளிப்படமும் மாறியது. ஈரத்தட்டு போய்க் காய்ந்த தட்டு வந்தது, பின்னர் கைக்கமரா வந்தது. அசையும் மனிதரையும் பிடிக்க முடிந்தது. தொழில்நுட்பத் தடை நீங்கிவிட்டது. இனியாவது தொழிலாளி முழுமையாகப் படத்துக்குள் வந்திருக்க வேண்டும். வந்தது என்ன? தபால் அட்டையிலும் தேயிலைப் பெட்டியிலும் கூடை சுமந்து சிரிக்கும் ஒரு பெண். அவளுக்கு அட்டைக்கடி இல்லை, மழை இல்லை, பெரட்டுக் களத்தின் அதட்டல் இல்லை. பின்னால் மலை, முன்னால் சிரிப்பு. லயம் மட்டும் சட்டத்துக்கு வெளியே. 1934இல் தேயிலைப் பிரசார சபையின் ஆதரவில் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' கலையழகில் உயர்ந்த படம். நம் நாட்டின் பெரும் ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் அதற்குக் குரல் கொடுத்தார். தேயிலையின் காசில் பிறந்த அந்தப் படத்திலும் தேயிலைத் தொழிலாளிக்குக் கிடைத்த இடம் சிறிதே.

இதற்குள் இன்னொரு வகை ஒளிப்படம் மலையகத்தில் வந்து சேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். போகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். வாழ்நாள் முழுவதும் கமராவின் முன் நிற்காத மனிதர்களும் அன்று நின்றார்கள். அவர்களை ஏற்றிச் சென்ற தலைமன்னார்ப் புகையிரதத்துக்கு மலையக மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

இரண்டு படங்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பாருங்கள். உல்லாசப் பயணியின் படத்தில் நிலம் இருக்கிறது, முகம் இல்லை. கடவுச்சீட்டுப் படத்தில் முகம் இருக்கிறது, பின்னால் நிலம் இல்லை. மலையகத்தின் நூற்றாண்டுத் துயரத்தை இந்த இரண்டு படங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி சொல்லிவிடுகிறது. முதற்பொருள் ஒரு பக்கம், உரிப்பொருள் மறுபக்கம். இரண்டும் சேர்ந்து நிற்க ஒரு சட்டம் கிடைக்கவில்லை.

இதே காலத்தில்தான் மலைநாட்டின் பெரிய வாவிகளும் எழுந்தன. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் வாதிட்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் கண்ட கனவின் தொடர்ச்சியாகக் கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கமும் அமைந்தன. இவ்விரு ஓயாக்களும் கூடித்தான் களனி கங்கை ஆகிறது. இன்று காசல்ரீக் கரையில் வோர்லி தேவாலயத்தைப் படம் எடுக்காதவர் இல்லை. கல்லாலான கோயில், கீழே நீலநீர், சுற்றிலும் தேயிலை. ஸ்கொட்லாந்தே வந்து இறங்கியதுபோல் இருக்கும். தேவாலயம் 1878ஆம் ஆண்டினது. அதைக் கட்டியவர்கள் அந்த நீரைக் கண்டதில்லை. அவர்கள் கண்டது பள்ளத்தாக்கை. ஏரிக்கரையில் தேவாலயம் கட்டப்படவில்லை. 87 ஆண்டுகளுக்குப் பின் ஏரிதான் அதன் காலடிக்கு வந்தது.

மவுஸ்ஸாக்கலையின் கதை இன்னும் ஆழமானது. சிவனொளிபாத மலையைப் பின்னணியாகக் கொண்ட அந்த நீர்ப்பரப்பின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. கடைவீதியும் வழிபாட்டிடங்களும் நீருக்குள் போயின. நகரம் மேட்டு நிலத்துக்கு இடம் மாறியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் எச்சமும், விகாரையின் எச்சமும், பள்ளிவாசலின் எச்சமும் சேற்றிலிருந்து தலைகாட்டுகின்றன. அப்போது மக்கள் திரண்டு போய்ப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், பத்திரிகைகளும் வெளியிடுகின்றன. பிள்ளைகளுக்கு, "இதுதான் கடைவீதி, இவ்விடத்தில்தான் கோயில்" என்று பெரியவர்கள் சேற்று நிலத்தைக் காட்டிச் சொல்ல முடிகிறது. நீர் நிறைந்திருக்கும்போது எடுத்த படம் அழகானது. நீர் வற்றியபோது எடுத்த படம் உண்மையானது. சுற்றுலாக் கையேடு முன்னதை வைத்துக்கொள்ளட்டும். வரலாறு பின்னதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டமும் இத்தகைய ஒரு மாற்றத்தைக் கொண்டு வந்தது. சென் கிளயர் அருவியின் நீர் மின்சாரத்துக்காகத் திருப்பப்பட்டு, அருவிக்கென அளந்து நீர் விடப்படுகிறது. அங்கும் லயத்துக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அருவி மெலிந்துவிட்டதே என்று வருந்திய குரல்கள் உரக்கக் கேட்டன. வருத்தம் நியாயமானதே. பழைய படங்களைப் புதியவற்றோடு ஒப்பிட்டால் இழப்பு கண்கூடு. ஆனால் லயத்தைப் பழைய படங்களில் யாரும் எடுத்து வைக்கவில்லை. ஆகவே அந்த இழப்பை ஒப்பிட்டுப் பார்க்கவும் நம்மிடம் படம் இல்லை. படம் இல்லாத இடத்தில் நினைவும் எளிதில் அழிகிறது.

இந்த வெறுமையை முதலில் நிரப்பியவர்கள் எழுத்தாளர்கள். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழில் தந்த கவிதை நூல், மலையைப் பாடும்போதே அதன் அடியில் புதைந்தவர்களையும் பாடியது. கமரா விட்டுவிட்ட கருப்பொருளையும் உரிப்பொருளையும் மலையக இலக்கியம் எடுத்துக்கொண்டது எனலாம்.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கும் பிரசாவுரிமை அளித்தது. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த தடத்தில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த நடையின் படங்களில் நிலமும் முகமும் ஒன்றாக நிற்கின்றன. கைத்தொலைபேசி வைத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளையும் இன்று ஒளிப்படக்காரர்தான். அவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. மலையை எடுங்கள், வாவியை எடுங்கள். நாட்காட்டிப் படத்தை நகல் செய்யாதீர்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தையும், லயத்து வாசலையும், மாடசாமி கோயிலையும், பாட்டியின் கையையும் அதே சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். கீழே அவளுடைய பெயரை மறக்காமல் எழுதுங்கள்.